இவங்க எந்த வூட்டுப் பொண்ணு?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், கீழ்பென்னாத்தூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய டீக்கடைகளில், காலையில் வந்த பேப்பர் கொஞ்ச நேரத்திலேயே தாள் தாளாகப் பிரிந்துவிடும். அரசியல் ஒருவர் கையில், விளையாட்டு இன்னொருவர் கையில். உள்ளூர்ச் செய்திகள் வரும் தாள் மட்டும் வயதானவர்களிடம் போய் நின்றுவிடும். அதன் கீழ்மூலையில் கட்டம் கட்டி ஒரு முகம், பிறந்த தேதி, மறைந்த தேதி, பத்துப் பதினைந்து பெயர்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதலில் படத்தைப் பார்க்கிறார்கள். பிறகு வயது. பிறகு ஊர். தெரிந்த ஊராக இருந்தால் விரல் கீழே இறங்கி மகன்கள், மருமகன்கள் பெயரில் நிற்கிறது. பேச்சு அங்கேதான் சூடுபிடிக்கிறது.

"சோமாசிபாடின்னு போட்டிருக்கு மாமா. மருமவன் வேட்டவலம்."

"வேட்டவலத்துல யாரு, ரைஸ்மில்லுக்காரங்களா?"

"அவங்க இவருக்கு சம்மந்தி. இவரு நம்ம பெரியம்மாவ கட்டினவருக்குப் பங்காளி."

"அப்பன்னா ஒனக்குப் பெரியப்பா மொறை, எனக்கு மச்சான் மொறை. ரெண்டு பேருமே போவணும்டா."

டீ ஆறுவதற்குள் முகம் தெரியாத ஒருவர் பெரியப்பாவாகிவிட்டார். மாலை வாங்க வேண்டும், பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்க வேண்டும், வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும்.

காலையில் எழுந்ததும் சாவுச் செய்தியைத் தேடிப் படிப்பதை ஏதோ ஆகாத பழக்கம் என்று வீட்டுப் பிள்ளைகள் கடிந்துகொள்வார்கள். அவர்கள் ஒருநாள் இந்த பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும். இங்கே தேடப்படுவது உறவு. பதவியோ புகழோ இல்லாத ஒருவருடைய பெயர், அவருடைய பிள்ளைகள், கொண்டான் கொடுத்தான் எல்லோருடைய பெயரோடும் அச்சில் வருகிற இடம் நம்மிடம் இரண்டுதான். ஒன்று கல்யாணப் பத்திரிகை, இன்னொன்று மரண அறிவிப்பு. கல்யாணப் பத்திரிகை வெற்றிலை பாக்கோடு அழைக்கப்பட்டவர் கைக்கு மட்டும் போகும். சாவுக்கு அழைப்பு கிடையாது. சேதி தெரிந்தால் போதும், போயாக வேண்டும். அதனால்தான் அந்தக் கட்டத்தை இவ்வளவு கவனமாகப் படிக்கிறார்கள்.

நல்லதுக்குப் போகாவிட்டாலும்

நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போய்விட வேண்டும் என்பது பழைய வடாற்காடு மாவட்டத்தில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டாத பாடம். கல்யாணத்துக்கு வராததை ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். சாவுக்கு வராததை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். காரணம், சாவு வீட்டில் ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொரு வேலை இருக்கிறது. பங்காளிக்குத் தீட்டு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடித்துணி கொண்டுவர வேண்டும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். மறுநாள் பால் தெளி. பதினாறாம் நாள் காரியத்தில் மாமன் வீட்டார் தலைப்பா கட்ட வேண்டும். இதில் ஒரு ஆள் குறைந்தாலும் அந்த இடம் காலியாகத் தெரியும். எல்லோரும் பார்ப்பார்கள்.

இந்தச் சேதியைக் கொண்டுபோனவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் தாண்டக்கூடாது. போனும் பேப்பரும் வருவதற்கு முன்பு, இழவு சொல்லப் போவது சேரியில் பிறந்தவர்கள் தலையில் சாதி ஏற்றிவைத்த வேலை. ராத்திரியோ மழையோ, ஊர் ஊராக நடந்து போய், வாசலுக்கு வெளியே நின்று சேதியைச் சொல்லி, கொடுத்த தானியத்தை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். போக மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. சாவுக்குப் பறையடிக்கவும் இழவு சொல்லவும் மறுத்து நடந்த போராட்டங்களும், அதற்காக அவர்கள் பட்ட அடிகளும் தமிழ்நாட்டுத் தலித் இயக்க வரலாற்றின் பெரிய பகுதி. சேதி சொல்லும் வேலையை அச்சு எடுத்துக்கொண்டதில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் இதுதான். காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறவர் தன் சேதியைத் தானே தெரிந்துகொள்கிறார். யாரும் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

இடையில் தபாலும் இருந்தது. தந்திக்காரர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே பெண்கள் அழத் தொடங்கிய காலம் ஒன்று உண்டு. 2013 ஜூலையோடு தந்திச் சேவை நின்றுபோனது. தந்தி அனுப்ப முடியாதவர்கள் கருமாதிக் கடிதம் போடுவார்கள். மூலையில் கறுப்பு மை தடவிய அட்டை. அதைப் படித்தவுடன் கிழித்து வெளியே போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பது வழக்கம். இதனால் நேர்ந்த ஒரு இழப்பை நாம் உணர்ந்ததே இல்லை. நம் பெட்டிகளில் ஐம்பது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் மஞ்சள் கறையோடு பத்திரமாக இருக்கின்றன. கருமாதிக் கடிதம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எந்தத் தாத்தா எந்த வருஷம் போனார், அப்போது யார் யார் உயிரோடு இருந்தார்கள், யார் எந்த ஊரில் இருந்தார்கள் என்று எழுதியிருந்த ஒரே தாளை நாமே கிழித்து வாசலில் போட்டோம்.

பேப்பரில் வந்ததை மட்டும் யாரும் கிழிக்கவில்லை. 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரையும் பேப்பர் வாசகராக்கியது. பெரிய ஊர்களில் பதிப்புகள் வந்தபிறகு, வேலூர்ப் பதிப்பில் ஒரு கட்டம் போட்டால் கீழ்பென்னாத்தூருக்கும் செங்கத்துக்கும் ஆரணிக்கும் ஒரே காலையில் சேதி போய்விடும் என்றானது. அந்தக் கட்டத்தை வெட்டி, லேமினேஷன் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கும் வீடுகளை இந்தப் பக்கம் நிறையவே பார்க்கலாம். கடிதத்துக்கு இருந்த தீட்டு செய்தித்தாளுக்கு எப்படியோ ஒட்டாமல் போய்விட்டது. நம் குடும்ப வரலாறு என்று எழுத்தில் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதில் பாதி அந்தத் தாளில்தான் இருக்கிறது.

சாமிக்கு வந்த சேதி

சாவுச் சேதி சேர்ந்தால் உறவுக்காரன் கிளம்பியாக வேண்டும் என்ற விதிக்குத் திருவண்ணாமலையில் சாமியும் விலக்கில்லை. தை மாதம் மணலூர்ப்பேட்டையில் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா. அண்ணாமலையார் அங்கே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். போகும்போது மேளதாளம், கூட்டம், கொண்டாட்டம். அங்கே, வல்லாள மகாராஜா போரில் இறந்துபோனார் என்ற ஓலை சாமிக்கு வாசிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு மேளம் கிடையாது. துக்கம் கேட்ட வீட்டுக்காரர் போலச் சத்தமில்லாமல் ஊர் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதிக்கரையில், மகன் முறையில் நின்று மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். பிள்ளை இல்லாத ராஜாவுக்கு ஈசனே பிள்ளையாக வந்தார் என்பது கதை. எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாள மகாராஜாவுக்கு ஒரு சருக்கமே இருக்கிறது.

வரலாற்றில் இவர் போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளன். டெல்லிப் படைகள் துவாரசமுத்திரத்தைச் சூறையாடிய பின்பு திருவண்ணாமலையில் இருந்து ஆண்டவர். 1342-43 வாக்கில் மதுரை சுல்தானோடு நடந்த போரில், எண்பது வயதில், பிடிபட்டுக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அந்த முடிவை விவரமாக எழுதிவைத்தவர் மொராக்கோவிலிருந்து வந்த பயணி இபின் பதூதா. அவர் மதுரைப் பக்கம் வந்த கதையிலும் ஒரு உறவு இருக்கிறது. கொன்ற சுல்தான் கியாசுத்தீனும் இபின் பதூதாவும் சகலைகள். மதுரையின் முதல் சுல்தான் ஜலாலுத்தீன் அசன் ஷாவின் மகள்களைக் கட்டியவர்கள். ஆக, வல்லாளனின் மரணச் செய்தி கொன்றவருடைய சொந்தக்காரர் எழுதி நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போசளர் கல்வெட்டுகளின்படி வல்லாளனுக்கு விருபாட்சன் என்ற மகன் இருந்தான், பட்டத்துக்கும் வந்தான். திருவண்ணாமலையின் நினைவில் அந்த மகனுக்கு இடமில்லை. காரியம் செய்தவரே பிள்ளை என்று ஊர் எழுதிக்கொண்டது. யாரை உறவாக அறிவிப்பது, யாரை விட்டுவிடுவது என்று ஒவ்வொரு சாவிலும் யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். ராஜா வீட்டிலும் அப்படித்தான், நம் வீட்டிலும் அப்படித்தான்.

பெயரோடு உறவையும் சேர்த்து எழுதிவைக்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் பழையது. செங்கம், தண்டராம்பட்டுப் பக்கத்துக் காடு கழனிகளில் கிடந்த நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களின் தொடக்கத்தில் இரா. நாகசாமி தலைமையில் தேடிப் பதிப்பித்தது. அதில் எடுத்தனூர்க் கல் ஒன்று. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. எந்த அரசரின் மருமக்களிடம் அவன் வேலை செய்தான் என்று உறவைச் சொல்லிவிட்டுத்தான் கல் அவன் பட்ட சேதியைச் சொல்கிறது. கூடவே நின்று கள்ளரைக் கடித்துக் காத்த நாயின் பெயரும் அதில் உண்டு. கோவிவன். 1,400 வருஷத்துக்கு முந்தைய ஒரு காவல் நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அந்த வீரனைப் பெற்றவள் பெயர் கல்லில் இல்லை.

செங்கத்து மன்னன் நன்னனைப் பாடும் சங்க நூலான மலைபடுகடாம், அவனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, பாதை பிரியும் இடங்களில் பெயர் எழுதி நட்ட கற்கள் நிறைய நிற்கும் என்கிறது. அங்கே உங்கள் வாத்தியத்தை இசைத்து மரியாதை செய்துவிட்டுப் போங்கள் என்றும் சொல்கிறது. இன்றைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பஸ் நிற்கும் இடத்தையும் சாலை பிரியும் இடத்தையும்தான் தேடுகிறார்கள். நாலு ஊர்க்காரர் கண்ணில் பட வேண்டும் என்ற கணக்கு மாறவே இல்லை.

பொறந்த வூடு எது?

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தாத்தா படித்து மடித்துவைத்த பேப்பரை எடுத்துக்கொண்டு வந்து, "சாவு போட்டிருந்தா படிடா" என்பார். ஆண்கள் இறந்த சேதியைக் காதில் வாங்கிக்கொண்டு வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருப்பார். பெண்கள் இறந்த சேதி வந்தால் கை நின்றுவிடும். அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பொறந்த வூடு எதுன்னு போட்டிருக்கா பாரு." நான் தேடிப் பார்ப்பேன். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இந்த ஊர் என்று இருக்கும். பிறந்த வீடு இருக்காது. "இவங்க எந்த வூட்டுப் பொண்ணுன்னே போடலியே, நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்" என்று அலுத்துக்கொள்வார்.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று அப்போது புரியவில்லை. மேக்களூர்ப் பக்கம் ஏரிக்கரையில் அவரோடு ஆடு மேய்த்த பெண்கள், நடவுக்கு வந்த பெண்கள், பாண்டி ஆடிய பெண்கள் எல்லோரும் பதினாலு பதினைந்து வயதில் ஆளுக்கொரு ஊருக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டுப் போனவர்கள். போன இடத்தில் அவர்களுக்கு ஊர் மாறியது, வீட்டுப் பேர் மாறியது. ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கும்போது, இன்னாரின் மனைவி என்று போட்டால் பாட்டிக்கு எப்படித் தெரியும்? அந்த இன்னாரை அவர் பார்த்ததே இல்லையே. ஒருநாள் தாளை என் கையிலிருந்து வாங்கி, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்ட ஒரு கிழவியின் முகம் அது. "இது நம்ம ஊருப் பொண்ணுடா. கிணத்துல வுழுந்தவளைத் தூக்கிவுட்டேன் நான்" என்றார். அன்று சாயங்காலமே பஸ் ஏறிப் போனார். அந்த வீட்டுக்காரர்கள் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. இறந்துபோனவளுக்குச் சின்ன வயசில் இப்படி ஒரு கூட்டாளி இருந்தாள் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஈழத் தமிழர்களின் மரண அறிவித்தல்களைப் படித்தால், இந்தக் கேள்விக்கு அங்கே எப்போதோ பதில் கிடைத்துவிட்டது தெரியும். எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார் என்று இரண்டு ஊரையும் முதல் வரியிலேயே போட்டுவிடுகிறார்கள். அடுத்து, காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதியின் மகள் என்று தாய் தகப்பன் இருவர் பெயரும் வரும். எண்பது வயதில் போன பாட்டியானாலும் முதலில் அவர் ஒரு வீட்டின் மகள். பிறகுதான் இன்னாரின் மருமகள், மனைவி, தாய், மாமி, சகோதரி, மைத்துனி, பாட்டி, பூட்டி. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகப் பெயர்கள். 1930-ல் தொடங்கிய வீரகேசரியிலிருந்து யாழ்ப்பாணத்தின் உதயன் வரைக்கும் இந்தச் சட்டகம் பெரிதாக மாறவில்லை. இலங்கை வானொலி அதையே அறிவிப்பாளர் குரலில் நிறுத்தி நிதானமாக வாசித்தது. பாட்டுக் கேட்க வானொலிப் பெட்டியைத் திருகிய தமிழ்நாட்டு வீடுகளும், யார் என்றே தெரியாத அந்தப் பெயர்களைக் கேட்டு ஒரு நிமிடம் அமைதியாயின.

1983-ல் யுத்தம் தொடங்கிய பிறகு அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிகள் முளைத்தன. மூத்த மகன் கனடா, அடுத்தவர் ஜேர்மனி, மகள் லண்டன், இளையவர் பிரான்ஸ். யுத்தம் ஒரு குடும்பத்தை எங்கெங்கே வீசியது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் சொன்னதில்லை. முகவரி தொலைந்து, தொடர்பு அறுந்து இருபது வருஷம் கழித்து, ஒரு மரண அறிவித்தலில் பெயரைப் பார்த்துத் தொலைபேசி எடுத்தவர்கள் அந்தச் சமூகத்தில் ஏராளம். அந்த அறிவித்தலுக்குக் கீழே தொடர்பு எண்கள் வரிசையாகப் போடப்படுவதே அதற்குத்தான். அயர்லாந்தின் உள்ளூர் வானொலிகளிலும் இன்றுவரை மரண அறிவிப்பு வாசிக்கிறார்கள். ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள் அதிகமாக இருக்கும் இடங்களில் இந்தப் பழக்கம் சீக்கிரம் சாகாது என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்து அறிவிப்பு அந்த அளவுக்கு விரியாததற்குப் பணமும் ஒரு காரணம். பேப்பரில் விளம்பரம் சென்டிமீட்டர் கணக்கு. ஒரு வரி கூடினால் காசு கூடும். வீட்டில் அழுகைச் சத்தத்துக்கு நடுவே, திண்ணையில் உட்கார்ந்து யாரோ ஒரு மருமகன் சீட்டில் பெயர் எழுதுவார். இடம் போதாது என்று ஏஜென்ட் சொன்னால் பெயர்களை அடிக்கத் தொடங்குவார்கள். முதலில் அடிபடுவது பெண் பெயர்கள். மகன்கள் பெயர் நிற்கும், மருமகன்கள் பெயர் நிற்கும், பேரன் பேத்திகள் என்று மொத்தமாக ஒரு சொல் நிற்கும். இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை. நியூயார்க் டைம்ஸ் 2018 மார்ச் 8-ஆம் தேதி, 1851 முதல் தன்னுடைய மரணக் குறிப்புகள் பெரும்பாலும் வெள்ளைக்கார ஆண்களைப் பற்றியே இருந்தன என்று ஒப்புக்கொண்டு, விட்டுப்போன 15 பெண்களுக்குக் காலம் கடந்து குறிப்பு எழுதியது. அங்கே விட்டது புகழ்பெற்ற பெண்களை. இங்கே நாம் விடுவது பெற்ற மகளை.

பட்டியலில் இல்லாதவர்கள்

பழக்கப்பட்டவர்கள் இந்த அறிவிப்பில் இல்லாததையும் படித்துவிடுவார்கள். "நாலு பசங்களாச்சே, மூணு பேருதானே இருக்கு?" என்று ஒருவர் சொன்னால், பெஞ்சில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகள், அண்ணன் தம்பியோடு பாகப்பிரிவினைச் சண்டை போட்ட மகன், இரண்டாவது சம்சாரத்தின் பிள்ளைகள். பெயர் இல்லை என்றால் இந்த வீட்டுக்கு அவர்கள் இல்லை என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. அப்பாவின் மரணச் சேதியில் தன் பெயர் இல்லாததைப் பெங்களூரிலோ சென்னையிலோ உட்கார்ந்து, யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்தில் பார்க்கும் ஒரு மகளை நினைத்துப் பாருங்கள். சாவுக்கு அழைப்பு கிடையாது, யாரும் போகலாம் என்று மேலே எழுதினேன். அவளுக்கோ அந்தத் தாள், "வராதே" என்று சொல்கிறது. உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு இதைவிடப் பெரிய கொடுமை செய்ய முடியாது என்பது என் எண்ணம்.

அரசாங்கத் தாளில் இப்படி விட முடியாது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதன்பிறகு வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போனால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரித்து, தாசில்தார் கையெழுத்தாகும். அதில் மகன் மகள் எல்லோர் பெயரும் வர வேண்டும், யாரைக் கட்டிக்கொண்டு எங்கே போயிருந்தாலும் சரி. 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தமும், 2005-ல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தமும் இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று சொல்லிவிட்டன. போஸ்டரில் விட்ட பெயரைத் தேடி, கையெழுத்து வாங்குவதற்காக அண்ணன் தம்பிகள் மூன்று மாதம் கழித்து அவள் வீட்டு வாசலில் போய் நிற்பது தாலுகா ஆபீஸ் உள்ள எல்லா ஊரிலும் நடக்கிற கதை. கீழ்பென்னாத்தூரும் தாலுகா தலைமையிடம்தான்.

இந்த வடக்கு மாவட்டங்களில் கருமாதி ராத்திரியில் தெருக்கூத்து வைக்கும் வழக்கம் உண்டு. போடுகிற கூத்து பெரும்பாலும் கர்ணமோட்சம். பாரதத்தில் எத்தனையோ பேர் சாகிறார்கள். அத்தனை பேரிலும் கர்ணனின் சாவைத்தான் துக்க வீட்டுக்கு நம் முன்னோர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். பிறந்தவுடன் ஆற்றில் விடப்பட்டவன். யார் வீட்டுப் பிள்ளை என்று வாழ்நாள் முழுக்கச் சபையில் கேட்கப்பட்டவன். அவன் களத்தில் விழுந்த பிறகு குந்தி ஓடிவந்து, தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, எல்லோரும் கேட்க, மகனே என்று கதறுகிறாள். அந்த நொடிவரை எதிரியாக இருந்தவன் பாண்டவருக்கு அண்ணனாகிறான். விடியப்போகிற நேரத்தில் அந்தக் கட்டம் வரும்போது, பாயில் சுருண்டு கிடந்த கிழவிகள்கூட எழுந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். சாவில்தான் உறவை அறிவிக்க முடிந்தது அந்தத் தாய்க்கு. உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கலாமே என்ற கோபம் கூத்து பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வரும்.

திருவண்ணாமலையின் இன்னொரு கதையும் சாவு வீட்டில்தான் திரும்புகிறது. 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையில் சித்தப்பா வீட்டிலிருந்து யாருக்கும் சொல்லாமல் கிளம்பிய, திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அழைத்தது அவரைத்தான். வீட்டார் ஏறக்குறைய இரண்டு வருஷம் தேடியும் ஒரு தகவலும் இல்லை. 1898 மே மாதம் அந்தச் சித்தப்பா சுப்பய்யர் மதுரையில் இறந்துபோனார். காரியத்துக்குச் சொந்தங்கள் எல்லாம் கூடியிருந்த வீட்டுக்குத் திருமங்கலத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். திருவண்ணாமலையில் ஒரு இளம் சாமியார் இருக்கிறாராம், திருச்சுழிக்காரராம், அண்ணாமலைத் தம்பிரான் என்பவர் மதுரை மடத்தில் அவரைப் பற்றிப் பேசக் கேட்டேன் என்றார். உறவு மொத்தமும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால், சேதி சேர வேண்டியவர்களுக்கு அப்போதே சேர்ந்தது. மானாமதுரையிலிருந்த இன்னொரு சித்தப்பா நெல்லையப்பய்யர் உடனே கிளம்பிப் போய்ப் பார்த்தார். அந்த வருஷக் கடைசியில் தாய் அழகம்மாள் வந்து பவழக்குன்றில் மகனைக் கண்டார்.

பெயர் ஒன்று, ஊர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று. இவ்வளவு இருந்தால் உறவைத் திரும்பப் பிடித்துவிடலாம். 1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களில் வடாற்காட்டு ஜில்லாக்காரர்கள் ஏராளம். கப்பல் பட்டியலில் அவர்களுடைய பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு நாலாவது தலைமுறைப் பேரன்கள் இன்று ஊர் தேடி வருகிறார்கள். தாய்வழி தேடினால் வழி அடைந்துவிடுகிறது. அந்தப் பட்டியலிலும் தாய் பெயருக்குக் கட்டம் இல்லை.

இப்போது கீழ்பென்னாத்தூரிலும் மற்ற ஊர்களைப் போல பேப்பர் கட்டத்தை ஃப்ளெக்ஸ் முந்திக்கொண்டது. சாவு விழுந்த ஒரு மணி நேரத்தில் டிடிபி கடைக்கு ஆள் போய்விடும். கடைக்காரர் கம்ப்யூட்டரில் பழைய மேட்டர் ஒன்று இருக்கும். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் பூமாலைக்குள் படம், தோற்றம், மறைவு, கீழே இப்படிக்கு. படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டு, மகன்கள் யார் யார் என்று கேட்பார். அவசரத்தில் போனவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வருவார். அந்தப் பழைய மேட்டரில் பிறந்த வீட்டுக்கு வரி இல்லாததால் புதிதாகப் போகிறவருக்கும் அது வருவதில்லை. இப்படியே ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குப் பெண்களின் ஊர்கள் விட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன.

கடைக்குப் போகிறவர் இதைக் கையில் எழுதிக்கொண்டு போனால் போதும்: இறந்தவர் பெண் என்றால் அவர் பிறந்த ஊர், அவருடைய அப்பா அம்மா பெயர், அண்ணன் தம்பி அக்கா தங்கை பெயர். யாராக இருந்தாலும் மகள்கள் எல்லோர் பெயரும், எங்கே இருந்தாலும், யாரைக் கட்டியிருந்தாலும். பேப்பரில்தான் வரிக்குக் காசு. ஃப்ளெக்ஸ் சதுர அடிக் கணக்கு. எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால் அத்தனை பெயரும் அடங்கிவிடும், விலை ஒரு ரூபாய் கூடாது.